பின்னிய மொழியிலும் தமிழிலும் ஒப்புமைத் தொடர்கள்: கோலார் தங்கவயற் சூழலை முன்வைத்து

0. முன்னுரை

இரு பொருள்களை ஒரு பண்பு குறித்து ஒப்பிட்டு, ஒன்றில் அப்பண்பு மிகுந்திருப்பதைக் கூறும் வழி எல்லா மொழிகளிலும் உண்டு. ஆனால் அம்மிகுதியைத் தொடரின் எவ்வுறுப்பு சுமக்கிறது என்பதில் மொழிகள் வேறுபடுகின்றன. சில மொழிகள் பெயரடையில் அடையாளமிடுகின்றன. சில, ஒப்பிடப் பயன்படும் அளவுப்பொருளில் அடையாளமிடுகின்றன. முதல் வகைக்குப் பின்னிய மொழியும் இரண்டாம் வகைக்குத் தமிழும் தக்க சான்றுகளாகும். இவ்வேறுபாட்டையும், மொழிபெயர்ப்பில் அது தோற்றுவிக்கும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இதற்குக் கோலார் தங்கவயல் ஏற்ற களமாகும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின்னர், வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். கன்னடம் மாவட்ட மொழி. தெலுங்கு அண்டை மொழி. நிருவாகத்தின் மொழி ஆங்கிலம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பன்மொழிச் சூழல் தொடர்கிறது.

1. பின்னிய மொழி அமைப்பு

பின்னிய மொழியில் 'கொவ' என்பது 'கடினமான' எனப் பொருள்படும். (இங்குத் தமிழ் எழுத்தில் தரப்படும் பின்னியச் சொற்களில் க, த, ப ஆகியவை வல்லொலியாகவே ஒலிக்கும்.) இதனுடன் 'ம்பி' விகுதி சேர 'கொவெம்பி' என ஒப்புவடிவமும், 'இன்' விகுதி சேரக் 'கொவின்' என உச்சவடிவமும் பிறக்கும். 'இரண்டில் எது' எனப் பொருள்படும் 'கும்பி' என்னும் வினாச்சொல்லிலும் இதே 'ம்பி' காணப்படுவது நோக்கத்தக்கது.

ஒப்புவடிவம் தான் தழுவும் பெயரின் எண்ணையும் வேற்றுமையையும் ஏற்கும். 'கொவெம்பி கல்லியோ' என்பது 'மேலும் கடினமான பாறை'. 'கொவெம்மஸ்ஸ கல்லியொஸ்ஸ' என்பது அத்தகைய 'பாறையில்'. வேற்றுமையுருபு பெயரடையிலும் பெயரிலும் வருவதையும், 'ம்ப' என்பது 'ம்ம' எனத் திரிவதையும் காணலாம். 'கல்லியோ' தமிழ்க் 'கல்'லை நினைவூட்டினும் அது செருமானியக் கடன்சொல், ஒலியொப்புமை தற்செயலானது.

அளவுப்பொருளை இருவகையாகக் குறிக்கலாம்:

(1) ரவுத ஒன் குல்தா கொவெம்பி
(2) ரவுத ஒன் கொவெம்பி குயின் குல்த

இரண்டும் 'இரும்பு பொன்னைவிடக் கடினமானது' என்பனவே. (2)இல் 'குயின்' என்னும் இடைச்சொல்லை அடுத்துக் 'குல்த' (பொன்) எழுவாய் வடிவில் நிற்கிறது. (1)இல் அது 'குல்தா' எனப் பகுதிப்பொருள் வேற்றுமை ஏற்கிறது. இவ்வேற்றுமை தொடக்கத்தில் நீங்கற்பொருள் உணர்த்தியது. 'தொலைவிலிருந்து' எனப் பொருள்படும் 'கவுகா' போன்ற சொற்களில் அப்பழம்பொருள் எஞ்சியுள்ளது.

2. தமிழ் அமைப்பு

தமிழில் பெயரடை ஒப்புமையால் மாற்றம் அடைவதில்லை. 'இரும்பு கடினமானது', 'இரும்பு பொன்னைவிடக் கடினமானது' ஆகிய இரண்டிலும் பயனிலை ஒன்றே. ஒப்புமைப் பொருளை 'பொன்னைவிட' என்பதே தருகிறது. 'விட' என்பது 'விடு' என்னும் வினையின் செயவெனெச்ச வடிவம். 'காட்டிலும்', 'பார்க்கிலும்' என்பனவும் வினைவழி வந்தனவே.

பழந்தமிழில் இப்பணியை ஐந்தாம் வேற்றுமை செய்தது: 'பொன்னினும் இரும்பு வலிது'. நன்னூல் இவ்வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் கூறுகிறது. நீங்கலும் ஒப்பும் ஒரே உருபில் அமைவது தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதற்குப் பின்னியத் தொடர் (1) சான்றாகிறது. லியோன் ஸ்டாசன் 1985இல் வெளியிட்ட ஒப்புமைத் தொடர் ஆய்வில் நீங்கற்பொருள் வழி ஒப்பிடுதலைத் தனிவகையாகக் கொண்டுள்ளார்.

தங்கவயலில் வழங்கும் பிற திராவிட மொழிகளும் பெயரடையை மாற்றுவதில்லை. கன்னடத்தில் 'சின்னக்கிந்த கப்பிண கட்டி' என நான்காம் வேற்றுமையை அடுத்தும், தெலுங்கில் 'பங்காரம் கண்டே இனுமு கட்டிதி' எனத் தனிச்சொல்லாலும் அளவுப்பொருளே குறியிடப்படுகிறது. இவற்றிடையே ஆங்கிலமே பெயரடையில் விகுதி கொள்வது.

3. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

3.1 பெயரடையில் குறியிடும் மொழி அளவுப்பொருளைக் கூறாமலே ஒப்பிட வல்லது. தமிழுக்கு அது எளிதன்று. 'கொவெம்பி கல்லியோ' என்பதைக் 'கடினமான பாறை' என்றால் ஒப்புமை மறைகிறது. 'அதிகக் கடினமான பாறை' என்றால் 'மிகக் கடினமான' என்றும் பொருள்படும். 'இன்னும் கடினமான பாறை' என்றால் முன்னைய பாறையும் கடினமானதே என்னும் முற்கோள் நுழைகிறது. சுரங்க விதிகள் போன்றவற்றில் இவ்வேறுபாடு பாதுகாப்பைத் தொடும்: 'ஆழமான தளத்தில்' என்பதும் 'இதைவிட ஆழமான தளத்தில்' என்பதும் ஒரே ஆணையல்ல. அளவுப்பொருளைச் சூழலிலிருந்து மீட்டு வெளிப்படையாகத் தருவதே தக்கது.

3.2 'மேலாளர் என்னைவிடத் தொழிலாளரை நன்கு அறிவார்' என்னும் தொடர் இருபொருள் தரும்: நான் அறிவதினும் நன்கு அறிவார்; என்னை அறிவதினும் நன்கு அறிவார். பின்னியத்தில் 'குயின்' என்பதை அடுத்த பெயரின் வேற்றுமை இதனைத் தெளிவாக்கிவிடும். தமிழில் 'என்னை அறிவதைவிட' என வினையை விரித்தல் வேண்டும்.

3.3 'பொன்னிலும்' என்பது ஒப்புமையையும் இடத்தையும் குறிக்கும். 'பொன்னிலும் இரும்பு வலிது', 'பொன்னிலும் கலப்பு உண்டு' ஆகியவற்றை ஒப்பிடுக. ஐயம் எழுமிடத்து 'விட' என்பதே பாதுகாப்பானது.

3.4 உச்சநிலைக்குத் தமிழ் தொகுதியைச் சுட்டுகிறது: 'சாம்பியன் ரீஃப், கோலார்ச் சுரங்கங்களிலேயே மிக ஆழமானது'. 'மிக ஆழமானது' என்று மட்டும் கூறின் உச்சம் புலப்படாது.

4. சொல்லில் உறையும் ஒப்புமை

தமிழில் ஒப்புமை விகுதி இல்லையெனினும் சில சொற்களில் ஒப்புமை உறைந்துள்ளது. 'பெரியப்பா' உருவிற் பெரியவர் அல்லர்; தந்தையினும் மூத்தவர். அங்குத் தந்தையே அளவுப்பொருள். பின்னியத்தில் 'வன்ஹ' (முதிய) என்பதன் ஒப்புவடிவம் 'வன்ஹெம்பி'. அதன் பன்மையாகிய 'வன்ஹெம்மத்' பெற்றோரைக் குறிக்கும். இங்கு அளவுப்பொருள் பிள்ளைகளே. இத்தகைய சொற்களை உறுப்புறுப்பாகப் பிரித்து மொழிபெயர்த்தல் பிழையாகும்.

5. முடிவுரை

பின்னியம் பண்பில் குறியிடுகிறது. தமிழும் அதன் அண்டை மொழிகளும் அளவுப்பொருளில் குறியிடுகின்றன. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒப்புவடிவத்திற்கு நிகரான பெயரடையைத் தேடுவதினும், 'எதைவிட' என்னும் வினாவிற்கு முதலில் விடை காண்பதே பயன்தரும். அவ்விடை கிட்டியபின் தமிழ்த் தொடர் இயல்பாக அமையும்.