"பார்த்துப் பண்ணுப்பா" என்றால் போதுமா?

'தேங்காய் பறிக்க மரம் ஏறும் கருவி வாங்கலாமா, தொரட்டியே போதுமா, எதில் ஆபத்து குறைவு?' என்று ஆனைமலைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால், தோட்டத்தில் நடக்கிற எல்லா வேலைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பம்ப்செட் கம்பெனிக்கோ, ஸ்பின்னிங் மில்லுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் இல்லாத ஊர் கோவைப் பக்கம் குறைவு. அங்கே ஓடுகிற பெல்ட்டுக்கு மேல் இரும்பு மூடி இருக்கும். அதே ஆள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்குகிற மெஷினைப் போடுகிறார். இங்கே பெல்ட் திறந்தே ஓடுகிறது. வாங்கும்போது மூடி இருந்திருக்கும். பெல்ட் மாற்றுவதற்காகக் கழற்றி வைத்தது, சாளையில் எங்கேயாவது கிடக்கும்.

1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவு, ஓடுகிற பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்றது. பொறுப்பை ஆலை நடத்துபவர் தலையில் வைத்தது. தோட்டத்தில் நாம் வைத்திருக்கிற வழி வேறு. "பார்த்துப் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கவனம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விடியற்காலை 4 மணிக்குப் பால் கறக்க எழுந்தவருக்கு ராத்திரி 7 மணிக்கு எவ்வளவு கவனம் மிச்சம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

விவசாய மெஷின்களுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. கதிரடிக்கும் மெஷின்களில் கை இழந்தவர்கள் வட மாநிலங்களில் பெருகியதால், 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கதிர் தள்ளும் தட்டு குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமும் சொல்கிறது. அவ்வளவு நீளம் இருந்தால் கை உள்ளே உருளையை எட்டாது. தூக்கக் கலக்கத்தில்கூட எட்டாது. மக்காச்சோளம் அடிக்க வாடகை மெஷின் வரும்போது இதை டேப் வைத்தே அளந்து பார்க்கலாம்.

"இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பவர்கள் உண்டு. பேங்க் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தை 18 முதல் 70 வயது வரை எல்லோரும் போட்டு வைக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு கையோ, ஒரு காலோ, ஒரு கண்ணோ போனால் 1 லட்சம். அந்தப் பட்டியலில் விரல்கள் இல்லை. தட்டு நறுக்கும் மெஷின் எடுப்பது பெரும்பாலும் விரல்களைத்தான்.

இனி தென்னைக்கு வருவோம். தளை போட்டு ஏறுகிறவரின் உயிர் முழுக்க அவர் கை கால் பலத்தில் இருக்கிறது. கேரளாவில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் உருவாக்கிய கருவி, மரத்தைக் கம்பி வளையத்தால் பிடித்துக்கொண்டு படி ஏறுவதுபோல் ஏற வைக்கிறது. பழகாதவரும் சில நாள் பயிற்சியில் ஏறலாம். ஆனால், சேஃப்டி பெல்ட் கட்டாமல் ஏறினால் பாதிப் பாதுகாப்புதான். ஒவ்வொரு மரத்துக்கும் மாட்டிக் கழற்ற நேரம் பிடிக்கும். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஆள் பார்ப்பார். மழையில் பாசி பிடித்து வழுக்கும் மரத்திலும் அவர் ஏறுவார், ஏறாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அன்று பறிப்பு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் தோட்டக்காரர்தான்.

தொரட்டியில் விழுகிற ஆபத்தே கிடையாது. ஆள் தரையில் நிற்கிறார். அந்த வகையில் இதுதான் மேல். ஆனால், அது வேறொரு ஆபத்தைக் கொண்டுவந்தது. நீளமான தொரட்டிக்கு எடை குறைவு என்று அலுமினியக் குழாய் வாங்குகிறோம். தோட்டத்துக்குள் போகிற 11,000 வோல்ட் லைனில் அது பட்டால், அல்லது பக்கத்தில் போனாலே, பிழைப்பது அரிது. ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். லைனை ஒட்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வையுங்கள். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் அந்த மரங்களில் தொரட்டி வைக்கக் கூடாது.

வேர்வாடல் நோயால் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. இளநீருக்கு என்றால் சௌகாட் ஆரஞ்சு போன்ற குட்டை ரகம் பல வருடங்களுக்கு ஏறாமலே பறிக்கலாம். கொப்பரைக்குக் குட்டை ரகம் சரிப்படாது. எந்த ரகமானாலும் லைனுக்கு அடியில் குழி எடுக்காதீர்கள்.

கிணற்றிலும் இதே கதைதான். தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 25 அடிக்கு மேல் பம்ப் உறிஞ்சாது என்பதால், ஒரு காலத்தில் ஆயில் இன்ஜினைக் கிணற்றுக்குள் திட்டில் இறக்கி ஓட்டினோம். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விளக்கை இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்கிற பழைய சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். சப்மெர்சிபிள் வந்த பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. பாதுகாப்புக்காக யாரும் அதை வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

மருந்து அடிப்பதில் நாம் இன்னும் 'பார்த்துப் பண்ணு' கட்டத்திலேயே நிற்கிறோம். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை என்று டப்பாவில் போட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் எத்தனை பேர் போடுகிறார்கள்? மகாராஷ்டிரா யவத்மாலில் 2017-ல் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

இலங்கை வேறு வழியில் போனது. மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய மருந்துகளை 1995-லேயே விலக்கியது. விஷச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன, விளைச்சல் விழவில்லை. பின்னாளில் அதே நாட்டில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதி ஊர்களில் மருந்தைப் பூட்டி வைக்க வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். அதில் பலன் தெரியவில்லை. இந்தியாவில் மோனோகுரோட்டோபாஸுக்கு மத்திய அரசின் தடை ஆணை 2023-ல்தான் வந்தது.

டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பூச்சியின் பெயரைச் சொல்லி, "இதுக்கு நீலத்திலோ பச்சையிலோ என்ன இருக்குங்க?" என்று கடையில் கேளுங்கள். அந்தக் கடையில் இல்லையென்றால், வாங்குவதற்கு முன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.