நெற்பயிரில் எரிபந்த நோய் பரவாமற் காத்தல்

நெற்பயிரைத் தாக்கும் பங்கசு நோய்களுள் எரிபந்தம் மிகக் கொடியது. கதிரின் கழுத்தை இந்நோய் பற்றிய பின்னர் அக்கதிரைக் காப்பாற்றும் மருந்து யாதும் இல்லை. ஆதலால் நோயைத் தீர்க்க முயல்வதிலும் பார்க்க, அது வராமலும் பரவாமலும் தடுப்பதே கமக்காரர் செய்யத்தக்கதாகும். அத்தடுப்பு வேலையின் பெரும் பகுதி, விதை நிலத்தில் விழுமுன்னரே செய்யப்படல் வேண்டும்.

நோயின் அடையாளங்கள்

இலைகளில் முதலில் நீர் தோய்ந்தாற் போன்ற சிறு புள்ளிகள் தோன்றும். அவை விரைவில் நீண்டு, நடு அகன்று, இரு முனைகளும் கூர்ந்து, கண்ணின் வடிவத்தைப் பெறும். நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் கபில நிறமாகவும் இருக்கும். புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேருமாயின் வயல் தீயாற் கருகியது போலக் காணப்படும். கபிலப்புள்ளி நோயின் புள்ளிகளோ வட்டமாக அல்லது முட்டை வடிவமாக இருக்கும். அவை பெரும்பாலும் வளங்குன்றிய நிலங்களிலேயே தோன்றும். எரிபந்தம் செழித்த கரும்பச்சைப் பயிரையே பெரிதும் நாடும்.

கதிர் வெளிவந்த பின் நோய் பற்றினால் அதன் கழுத்து கறுத்துச் சுருங்கும். மணிகளுக்கு நீரும் உணவும் செல்லா. பால் பிடிக்குமுன் பற்றிய கதிர் முழுவதும் பதராகி வெளுத்து நிற்கும்; பின்னர் பற்றியது கழுத்தொடிந்து தொங்கும். தண்டு துளைப்பானால் வெளுத்த கதிர் மெல்ல இழுத்த மாத்திரத்திற் கையோடு வந்துவிடும். எரிபந்தத்தால் வெளுத்தது அவ்வாறு வருவதில்லை. அதன் கழுத்திற் கறுத்த தழும்பும் காணப்படும். இவ்வேறுபாட்டை அறியாது பூச்சிமருந்து தெளிப்பது வீண் செலவாகும்.

நோய் பரவும் விதம்

இப்பங்கசு கண்ணுக்குப் புலப்படாத வித்திகளாற் பரவுகின்றது. ஓர் இலைப்புள்ளியிலிருந்து ஒவ்வோர் இரவும் ஆயிரக்கணக்கான வித்திகள் காற்றிற் கலக்கும். ஈரமான இலையில் விழுந்த வித்தி முளைத்து, சிறு குமிழ் போன்ற உறுப்பொன்றை இலையோடு ஒட்டச் செய்கின்றது. அக்குமிழினுள் உண்டாகும் அமுக்கம், மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றின் அமுக்கத்தைப் போல் ஏறக்குறைய 40 மடங்காகும். அவ்வமுக்கத்தாற் பங்கசு இலையின் தோலைத் துளைத்து உட்செல்கின்றது.

இவ்வாறு உட்புகுவதற்கு இலை பல மணிநேரம் நனைந்திருத்தல் வேண்டும். வெப்பநிலை 25 முதல் 28 பாகை செல்சியசு வரை இருப்பது நோய்க்கு மிக ஏற்றது. வட, கிழக்கு மாகாணங்களிற் பெரும்போகப் பயிர் கதிர் ஈனும் காலத்தில் இரவு குளிர்ந்து பனி பெய்வதால் ஆபத்து மிகுதியாகும். தாக்கப்பட்ட இலையில் ஏறக்குறைய ஒரு கிழமையிற் புதிய புள்ளிகள் தோன்றி, அவையும் வித்திகளைப் பரப்பத் தொடங்கும்.

விதையும் இனமும்

நோய்கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுத்தலாகாது. விதை நெல்லை உப்பு நீரிலிட்டு, மிதக்கும் பதரையும் அரைமணியையும் நீக்குதல் நன்று. கோழிமுட்டை மிதக்கும் அளவிற்கு நீரில் உப்புக் கரைத்தல் வேண்டும். அடியிற் படிந்த நெல்லை நன்னீரில் நன்கு கழுவிய பின்னரே முளைகட்ட வேண்டும்.

நோயைத் தாங்கும் இனத்தைத் தெரிந்தெடுத்தலே மலிவான பாதுகாப்பு. 1950களின் பிற்பகுதியில், முருங்கக்காயன் 302 என்னும் இனத்தை மாஸ் என்னும் இந்தோனேசிய இனத்தோடு கலந்து பெறப்பட்ட எச் 4, எரிபந்தத்தைத் தாங்கும் ஆற்றல் உடையதாயிருந்தமையால் நாடெங்கும் வரவேற்பைப் பெற்றது. எனினும் பங்கசு காலப்போக்கிற் புதிய வகைகளாக மாறக்கூடியது. இன்று தாங்கும் இனம் நாளை தாங்காது போகலாம். ஆகவே வயல்வெளி முழுவதும் ஓரினத்தையே ஆண்டுதோறும் விதைத்தல் தகாது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999ஆம் ஆண்டுகளில், நோய்க்கு எளிதில் இலக்காகும் நெல்லைத் தாங்கும் இனத்தின் வரிசைகளுக்கிடையே நட்டபோது, அந்நெல்லில் எரிபந்தத்தின் கடுமை நூற்றுக்கு 94 வீதம் குறைந்தது.

பசளையும் நீரும்

அளவுக்கு மிஞ்சிய யூரியா இந்நோயை விருந்துக்கு அழைப்பது போன்றது. நைதரசன் மிகுந்தால் இலை மென்மையடையும். பயிர் நெருங்கி வளர்வதால் பனியீரமும் விரைவில் உலராது. விதந்துரைக்கப்பட்ட அளவு யூரியாவைப் பல தடவைகளாகப் பிரித்தே இடல் வேண்டும். இலைகளிற் புள்ளிகள் காணப்படும்போது யூரியா இடுதலை நிறுத்தி வைத்தல் வேண்டும். நிலத்தைப் பண்படுத்தும்போது கரியாக்கிய உமியை இட்டால், அதிலுள்ள சிலிக்கா இலையின் தோலை உறுதியாக்கும்.

நீரின்றி வாடிய பயிரை நோய் எளிதிற் பற்றும். ஆகையால் வயலை இயன்றவரை காயவிடாது, நீரைத் தேக்கி வைத்தல் நன்று.

வைக்கோலும் மருந்தும்

நோய்கண்ட வைக்கோலிலும் அடிக்கட்டையிலும் பங்கசு அடுத்த போகம் வரை உயிரோடிருக்கக் கூடும். அவற்றை வரம்பிற் குவித்து வையாது, எரித்தல் அல்லது வயலுக்கு அப்பால் நன்கு மக்கச் செய்தல் வேண்டும். தானாக முளைத்த நெல்லையும் அழித்தல் வேண்டும்.

சென்ற போகங்களில் நோய் கண்ட வயலிலும், இலைகளிற் புள்ளி பெருகிய வயலிலும், குடலைப் பருவத்தின் முடிவிற் பங்கசுநாசினி தெளிப்பது பயன்தரும். கதிர் வெளுத்த பின்னர் தெளிப்பதாற் பயனில்லை. மருந்தின் பெயரையும் அளவையும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

ஒன்றுபட்டுச் செய்யவேண்டியது

வித்திகளுக்கு வரம்பு தடையாகாது. ஒருவர் முந்தியும் மற்றொருவர் பல கிழமை பிந்தியும் விதைத்தால், முன்விதைத்த வயலின் நோய் பின்விதைத்த இளம்பயிருக்குத் தாவும். ஆதலாற் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும்போதே, விதைக்கும் நாட்களையும் இனங்களையும் ஒருங்கே தீர்மானித்தல் வேண்டும். நோயின் முதற் புள்ளியைக் கண்டவர் அதனை மறையாது அயல் வயற்காரருக்கு அறிவித்தல் வேண்டும். ஒரு கிழமை முந்தி அறிந்தால், அயல் வயலின் கதிர்களையேனும் காப்பாற்றலாம்.