விலகிய வயிற்றுத் தசை

விலா எலும்புகளின் அடியிலிருந்து இடுப்பெலும்பின் முன்பகுதி வரை இரண்டு பட்டைத் தசைகள் முன்வயிற்றில் பக்கம்பக்கமாக இறங்குகின்றன. அவற்றை நடுவில் பிணைப்பது லீனியா ஆல்பா எனப்படும் வெண்ணிற நார்ப்பட்டை. கர்ப்பப்பை பெரிதாகும்போது இந்தப் பட்டை அகன்று மெலிய, தசைகள் இருபுறமும் ஒதுங்குகின்றன. மருத்துவத்தில் இதன் பெயர் டயஸ்டாசிஸ் ரெக்டை. இதில் தசை கிழிவதில்லை. பட்டையில் ஓட்டை விழாததால் இது ஹெர்னியாவும் அல்ல.

குழந்தைக்கு இடம்விட உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஓரளவு இருக்கும். முதல் பிரசவம் கண்ட 300 பெண்களை வைத்து நார்வேயில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பிரசவமாகி 6 வாரத்தில் 60 சதவீதத்தினருக்கும், 12 மாதத்தில் சுமார் 33 சதவீதத்தினருக்கும் விலகல் காணப்பட்டது. அவர்களுக்குக் கீழ்முதுகு வலி மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. முதுகுவலிக்கெல்லாம் இதையே காரணம் காட்டும் விளம்பரங்களை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை.

பிரசவத்துக்குப் பின் வீட்டிலேயே தொட்டுப் பார்க்கலாம். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்கே வைத்து அழுத்த வேண்டும். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினால் விலகல் இருக்கிறது என்று கொள்ளலாம். இடைவெளியின் அகலம் மட்டும் கணக்கல்ல. விரலுக்கு அடியில் பட்டை விறைப்பாக இருக்கிறதா, தொளதொளவென்று அமுங்குகிறதா என்பதும் முக்கியம்.

கர்ப்ப காலத்தில் படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுவது நல்லது. மலச்சிக்கலால் முக்குவதும் வயிற்றின் உள்ளழுத்தத்தைக் கூட்டும். எந்த அசைவிலாவது வயிற்றின் நடுவில் கூரை முகடுபோல் புடைத்தால், அப்போதைக்கு அதை விட்டுவிட வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு தொடங்க வேண்டியது மூச்சிலிருந்துதான். மூச்சை விட்டபடியே அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசைகளையும் இறுக்கித் தளர்த்த வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். வாரங்கள் போகப் போகப் பயிற்சியின் கடுமையைக் கூட்டிக்கொள்ளலாம். பிசியோதெரபிஸ்ட் உடனிருந்தால் தவறு குறையும். தொப்பை குறையட்டும் என்று அவசரப்பட்டு, படுத்தெழும் பயிற்சிகளில் இறங்குவது இந்தக் கட்டத்துக்குப் பொருந்தாது.

பிள்ளை பெற்றவளுக்குப் பழைய பருத்திப் புடவையால் வயிற்றைக் கட்டிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தளர்ந்த வயிற்றுக்கு அது தாங்கலாக இருக்கும்; எழுந்து நடக்கத் தெம்பு தரும். ஆனால் தசைகளை ஒட்டவைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழிறங்கி இடுப்புத்தளத்தைச் சோர்வடையச் செய்யும். கடையில் வாங்கும் பெல்ட்டுக்கும் இதே கணக்குதான்.

மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் தொல்லை தீராதவர்களுக்குத் தசைகளை நெருக்கித் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அடுத்த கர்ப்பத்தில் தையல் தளரலாம் என்பதால், இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தபின் செய்துகொள்வதே வழக்கம். தொப்புளருகே கெட்டியான, வலிக்கும் கட்டி தெரிந்து வாந்தியும் வந்தால், அது சிக்கிக்கொண்ட ஹெர்னியாவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.