மீதி வைக்காத எண்

பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான், வலைகளோ நிறைய. அதனால் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் முறை வைத்துச் சுத்துவலை போடுகிறார்கள். இதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமாகித் தலைக்கட்டு ஆனவருக்கே பாட்டில் பங்கு. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

பங்கு பிரிப்பதில் பெரிய தொல்லை தலை எண்ணிக்கைதான். 30 பேர் இருந்தால் இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, பத்து, பதினைந்து பேராகக் கூட்டுச் சேர்க்கலாம். 29 பேர் என்றால் எப்படிச் சேர்த்தாலும் யாராவது மிஞ்சுவார்கள். மூன்று ஊர்கள் நாளுக்கு ஒன்றாக முறை மாற்றிக்கொண்டால், ஓர் ஊருக்குச் செவ்வாயன்று வந்த முறை மறுபடி செவ்வாயில் விழ 21 நாள் ஆகும்.

எந்த எண்ணை அதிக விதமாகப் பங்கு போடலாம்? இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர், பழவேற்காட்டுக்குத் தெற்கே இதே கடலோரத்தில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 1912-ல் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச ராமானுஜன். 1914-ல் கப்பல் ஏறி கேம்பிரிட்ஜ் போனார். அடுத்த ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 'உயர் பகு எண்கள்' பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விடக் கூடுதலான காரணிகள் உள்ள எண்ணே உயர் பகு எண். 12-க்கு 6 காரணிகள், 24-க்கு 8, 60-க்கு 12. ராமானுஜன் இப்படி 102 எண்களை வரிசைப்படுத்தினார். கடைசியில் நிற்பது 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

அதற்குக் காரணிகள் 10,080. ஒன்று முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது; 29-ல்தான் முதன்முதலாக இடறுகிறது. பிரித்துப் பார்த்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. நடுவில் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகவில்லை; போகப்போக அடுக்கு ஏறுவதும் இல்லை. உயர் பகு எண் எதுவானாலும் இப்படித்தான் இருக்கும் என்று ராமானுஜன் நிறுவினார். 4, 36 இரண்டையும் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதும் அவர் கண்டது.

இந்த ஆய்வுக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் கொடுத்தது. கழகத்துக்குப் பண நெருக்கடி இருந்ததால் கட்டுரையில் அச்சேறாமல் நின்ற பகுதி, கணிதவியலாளர்கள் ழான் லூயி நிக்கோலா, கி ரொபான் ஆகியோரின் குறிப்புகளோடு 1997-ல் 'ராமானுஜன் ஜர்னல்' இதழில் வந்தது.

அவருடைய நீண்ட பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டிருந்தது: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. அதை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது பட்டியலின் கடைசி எண்.