வாளே வினையான வேளா மீன்

பழைய வீடுகளின் சுவரிலே, இருபுறமும் முட்கள் நிறைந்த நீண்ட கொம்பொன்று தொங்குவதை நம்மிற் சிலர் கண்டிருப்போம். அதுவே வேளாக் கொம்பு. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபட்டனர் எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. அக்கொம்பு வேளாவினுடையதே என்று கருதுவோரும் உளர்.

வேளாவைச் சுறா என்றழைப்பது வழக்கமாயினும், அது உண்மையில் திருக்கைக்கு உறவானது. சுறாவின் செவுட் பிளவுகள் உடலின் பக்கங்களில் உள்ளன. வேளாவுக்கோ அவை அடிப்புறத்தில் அமைந்துள்ளன. இக்குடும்பத்தில் இன்று 5 இனங்களே உள. கரையோரத்து மணலிலும் சேற்றிலும் கழிமுகங்களிலும் அடித்தளத்தை ஒட்டி இவை வாழ்கின்றன. 6 மீற்றருக்கு மேல் வளரும் இனமும் உண்டு.

வாள் போன்ற அக்கொம்பு வெறும் ஆயுதமன்று. இரையின் உடலினின்று எழும் மிக மெல்லிய மின் அலைகளையும் அது உணரவல்லது. கலங்கிய நீரிலும் இரையை அறிந்து, வாளை இருபுறமும் வீசி அதனை வீழ்த்துகின்றது வேளா. குட்டிகள் பிறக்கும்போது, தாயின் உடலுக்கு ஊறு நேராவண்ணம், அவற்றின் வாளை மெல்லிய உறையொன்று மூடியிருக்கும். இயற்கையின் விந்தைதான் என்னே!

ஆயினும், அந்த வாளே இன்று அதற்கு வினையாயிற்று. வேறு மீனுக்கு விரித்த வலையிலும் முட்கள் சிக்கிக்கொள்கின்றன. பின்னர் மீள்வது அரிது. வலையைக் காக்கும் பொருட்டு வாளை வெட்டிவிட்டு மீனைக் கடலில் விடுவாரும் உண்டு. வாளிழந்த வேளா இரை தேடுவது எங்ஙனம்? செட்டைக்காகவும் கொம்புக்காகவும் கொல்லப்பட்டவையும் பல. தாமதமாகப் பருவமெய்திச் சில குட்டிகளையே ஈனும் இவ்வினம், இவ்விழப்பைத் தாங்கவில்லை. உலகெங்கும் அருகிய வேளாவை நம் கரைகளிலும் இன்று காண்பது அரிது.

இந்தியா 2001ஆம் ஆண்டில் வேளாவைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக்கியது. 2013ஆம் ஆண்டு முதல் ஐந்து இனங்களுக்கும் சர்வதேச உடன்படிக்கையின் அதியுயர் வர்த்தகத் தடை உண்டு. எனினும், சட்டத்தினும் முன்னதாக வேளாவைச் சந்திப்பது மீனவரின் கையே. உயிருடன் சிக்கிய வேளாவை நீரிலேயே வைத்து, வாளைத் தொடாது, அதனைச் சுற்றிய வலைக்கண்களை மட்டும் அறுத்து விடுவித்தல் நலம். வலை மீனவருக்கு முதல் என்பதை நாம் அறிவோம். ஆயினும் கிழிந்த வலையைப் பொத்திக்கொள்ளலாம். அற்றுப்போன இனத்தை எவரால் மீட்க இயலும்?