தெருவும் தண்ணீரும் கேட்ட உறுப்பினர்

பொதுச் சாலையில் எல்லாரும் நடக்கலாம். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் எல்லாரும் தண்ணீர் எடுக்கலாம். அரசு அலுவலகத்துக்குள் எல்லாரும் போகலாம். இதைச் சொல்வதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. 1924 ஆகஸ்டு 22 அன்று சென்னை சட்டசபையில் அதைக் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். மறுமாதம் அது அரசாணை ஆனது.

செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் 1859இல் பிறந்தவர். 1893இல் ‘பறையன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நான்கு பக்கம், இரண்டணா விலை. ஏன் அந்தப் பெயர் என்று இன்றும் கேட்கிறார்கள். பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் எண்ணம். பிறகு தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1921இல் ஊர் திரும்பினார். 1923இல் சபைக்குள் நுழைந்தபோது வயது 64.

தேர்தலில் வென்று வந்தவர் அல்லர். சொத்தும் வரியும் உள்ளவருக்குத்தான் அன்று ஓட்டு. கூலிக்காரச் சேரிக்கு ஓட்டு ஏது? அரசு நியமித்த உறுப்பினர் அவர். நியமன உறுப்பினர் என்றால் ஆமாம் போட்டுவிட்டுப் போவார் என்றுதான் நினைப்போம். இவரோ அந்த நாற்காலியில் இருந்துகொண்டு தெருவையும் தண்ணீரையும் கேட்டார்.

குறையையும் சொல்ல வேண்டும். அந்த ஆணையில் தடுப்பவனுக்குத் தண்டனை இல்லை. ஊரில் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய மணியக்காரரும் கர்ணமும் எந்தத் தெருக்காரர்கள் என்பதைக் கிராமத்து வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோவையைச் சேர்ந்த உறுப்பினர் ஆர்.வீரையன் அபராதத்தோடு கூடிய சட்டத் திருத்தம் வேண்டும் என்று முயன்றது இதனால்தான்.

1930, 1931 இலண்டன் வட்டமேசை மாநாடுகளுக்கு அம்பேத்கரோடு சென்றார் சீனிவாசன். 1932 பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து உண்டு. கேட்ட தனி வாக்காளர் தொகுதி கைநழுவிற்று. சென்னை மாகாணத்துக்கு 30 ஒதுக்கீட்டு இடங்கள் கிடைத்தன. லாபமா நட்டமா என்ற வழக்கு நம்மிடையே இன்னும் தீரவில்லை. 1945இல் அவர் மறைந்தார்.

2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. 1924 தீர்மானத்துக்கு அப்போது வயது 98.

பழைய அரசாணைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சென்னையில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த ஆணைக்கு நகல் எடுத்து வந்து ஊர் நூலகத்தில் ஒட்டலாம். சீனிவாசனே எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ சிறிய நூல்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.