தாய் மரணங்களைக் கண்டறிதலும் தடுத்தலும்

மகப்பேற்றின் தொடர்பாக நேரும் மரணங்களைக் குறைப்பதில் இந்தியா கணிசமான முன்னேற்றம் கண்டுள்ளது. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, 2001-03-ல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 301 தாய்மார் இறந்தனர். 2018-20-ல் இத்தொகை 97 ஆகக் குறைந்தது. எனினும், அதே 2018-20-ல் கேரளத்தில் 19 ஆக இருந்த விகிதம் அஸ்ஸாமில் 195 ஆக இருந்தது. ஒரே நாட்டினுள் காணப்படும் இவ்வேற்றுமை, இம்மரணங்களுள் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை என்பதைப் புலப்படுத்துகிறது.

எத்தனை பேர் இறந்தனர் என்பதையே விகிதம் கூறும். ஏன் இறந்தனர் என்பதைக் கூறாது. அதனை அறிவதற்கு ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். இந்நோக்கத்துடன் மத்திய அரசு 2010-ல் தாய் மரண ஆய்வுக்கான நெறிமுறைகளை வகுத்தது. கண்காணிப்பையும் அதன்பின் எடுக்க வேண்டிய நடவடிக்கையையும் இணைத்து, 2017-ல் அவை விரிவாக்கப்பட்டன.

கணக்கில் விடுபடும் மரணங்கள்

கருவுற்றிருக்கும்போதோ, கர்ப்பம் எவ்வகையில் முடிவுற்றாலும் அதன்பின் 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தினாலோ அதற்கான சிகிச்சையினாலோ தோன்றிய அல்லது கடுமையான காரணத்தால் ஒரு பெண் இறப்பின், அது தாய் மரணமாகும். விபத்து போன்ற தொடர்பற்ற காரணங்கள் இதில் அடங்கா.

பிரசவத்திற்காகத் தாய்வீடு சென்றவள் அங்கே இறப்பின், இரு ஊர்ப் பதிவேடுகளிலும் இடம்பெறாமற் போகலாம். கருச்சிதைவால் நேர்ந்த மரணத்தைக் குடும்பத்தார் வெளியிடத் தயங்குவர். இதய நோயுடனோ காமாலையுடனோ பொது மருத்துவப் பிரிவில் இறந்தவள் கருவுற்றிருந்தாள் என்பதே குறிக்கப்படாமல் போவதுண்டு. ஆகவே, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண் எவர் இறந்தாலும், காரணம் எதுவாயினும், ஆஷா ஊழியர் அதனைத் தெரிவித்தல் வேண்டும். கர்ப்பத்துடன் தொடர்பு உண்டா என்பது பின்னர் விசாரித்து முடிவு செய்யப்படும்.

விசாரணையின் முறை

பிரசவத்திற்குப் பின் ரத்தப்போக்கினால் ஒருத்தி இறந்ததாகக் கொள்வோம். “ரத்தப்போக்கு” என்ற ஒரு சொல்லை எழுதுவதோடு விசாரணை முடிந்துவிடாது. அவளுடைய ரத்தசோகை முன்னரே அறியப்பட்டதா? இரும்புச்சத்து மாத்திரைகள் கிடைத்தனவா? ஆபத்தை எவர், எப்போது உணர்ந்தார்? வாகனம் எவ்வளவு நேரத்தில் வந்தது? மருத்துவமனையில் ரத்தம் இருந்ததா? கடுமையான ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்திற்குள் உயிரைப் போக்கவல்லது. ஆதலால் கால அளவு இங்கே மிக முக்கியம். உதவி நாட முடிவு செய்வதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்தபின் தக்க சிகிச்சை பெறுவதில் தாமதம் என மூவகைத் தாமதங்களை 1994-ல் தாடியஸ், மெய்ன் என்னும் ஆய்வாளர்கள் வகுத்தனர். எந்தத் தாமதம் நேர்ந்தது என்பது தெரிந்தால், அதற்கேற்ற பரிகாரமும் தெரியும்.

முதல் தாமதத்திற்கு மக்களின் அறிவும், இரண்டாவதற்கு வாகன வசதியும் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டுவன ரத்த வங்கி, குளிரில் முறையாகப் பாதுகாக்கப்பட்ட ஆக்ஸிடோசின் மருந்து, பேறுகால வலிப்புக்குரிய மக்னீசியம் சல்பேட், பயிற்சி பெற்ற கைகள் ஆகியன.

குற்றம் சாட்டுதல் நோக்கமன்று

தண்டனைக்கு அஞ்சும் ஊழியர் உண்மையை மறைப்பார். உண்மை மறைந்தால் அடுத்த தாயைக் காக்கும் வழியும் மறையும். இதனையுணர்ந்தே, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல் பெயர்களை வெளியிடாத ரகசிய விசாரணை நடைபெறலாயிற்று. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் 2004-ல் இத்தகைய ஆய்வைத் தொடங்கியது. ரத்தப்போக்கும் உயர் ரத்த அழுத்தமும் முக்கியக் காரணங்கள் என அதில் தெரியவந்தமையால், அவற்றிற்கான சிகிச்சைத் தரங்கள் அங்கே வகுக்கப்பட்டன.

ஊழியரும் ஆசிரியரும்

துயருற்ற வீட்டிற்குச் செல்லும் ஊழியர், முதலில் ஆறுதல் கூறிப் பின்னரே வினவுதல் தகும். கேட்டவற்றை ஊரில் பேசலாகாது. பள்ளி ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. மாணவன் ஒருவன் பல நாள் வராதிருந்து, அவன் தாய் இறந்த செய்தி வகுப்பறைக்கு முதலில் எட்டக்கூடும். அதனைத் துணைச் செவிலியருக்குத் தெரிவித்தல் ஒரு பதிவு விடுபடாமல் காக்கும். வளரிளம் பெண்களின் ரத்தசோகையைக் கவனித்தலும், இளவயது மணத்தைத் தடுத்தலும் வருங்காலத் தாய்மாரைக் காக்கும் பணிகளேயாம்.

மாவட்டக் குழுவின் முடிவு கோப்பில் தங்கிவிடின், விசாரணை வீணாகும். அது மரணம் நேர்ந்த கிராமத்திற்கும் மருத்துவமனைக்கும் திரும்பி வந்து, அங்கிருந்த குறையை நீக்குதல் வேண்டும். இறந்த தாயை மீட்க இயலாது. ஆயின் அவள் மரணம் கற்பிக்கும் பாடம் அதே பாதையில் வரும் மற்றொரு தாயை வீடு சேர்க்கும்.